அழைப்பு யாரிடமிருந்து வந்தது?

வாலிபர் ஐக்கியத்தில் வெளிநாட்டு ஊழியப் பயணம் பற்றிய பேச்சு எழுந்தவுடன், எந்த நாட்டுக்குப் போகலாம் என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக வருகிறது. எப்போது போகலாம், எவ்வளவு செலவாகும், அங்கே என்ன செய்யலாம் என்பவை அதைத் தொடர்ந்து வருகின்றன. வாலிபர்களை வழிநடத்தும் பொறுப்பில் நெடுங்காலமாக இருந்துவரும் நான், இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். நம்மை வரும்படி அழைத்தது யார்? நாம் போகும் இடத்திலுள்ள சபை தன் தேவையை உணர்ந்து நம்மை விரும்பிக் கூப்பிட்டதா, அல்லது நாம் வருகிறோம் என்று எழுதியதால் மறுக்க மனமில்லாமல் சம்மதித்ததா? பயணத்தின் திட்டம், பணம், பயிற்சி, திரும்பி வந்தபின் சொல்லும் சாட்சி ஆகிய அனைத்தும் இந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்தே நன்றாகவோ தீதாகவோ அமைகின்றன.

மிஷனரிப் பணி நீண்ட காலம் வாழ்நாள் பணியாகவே இருந்தது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவை அந்த ஊர் மக்கள் யாரும் அழைக்கவில்லை. டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பியதால் வந்தார். ஆனால் வந்தவர் உள்ளூர்ப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார், தரங்கம்பாடியின் டேனிஷ் ஆளுநரால் சில மாதங்கள் சிறையில் அடைக்கப்பட்டார், 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார், 1719இல் தம் முப்பதுகளிலேயே அதே ஊரில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அழைப்பில்லாமல் வந்ததற்கான விலையை அவர் தம் ஆயுளாகவே கொடுத்தார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. இரண்டு வாரம் தங்கிவிட்டுத் திரும்பும் ஒருவரால் அந்த விலையைக் கொடுக்க முடியாது. அதனாலேயே, குறுகிய காலத்துக்குப் போகிறவருக்கு அழைப்பு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

வாலிபர்கள் விடுமுறையில் வெளிநாடு போய் ஊழியம் செய்யும் வழக்கம் இன்றைய வடிவத்தைப் பெற்றது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். கல்லூரி மாணவராக இருந்த ஜார்ஜ் வெர்வர் 1957இல் இரண்டு நண்பர்களோடு அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்குக் கிறிஸ்தவ நூல்களை எடுத்துச் சென்றார். அந்தப் பயணத்திலிருந்தே ஆபரேஷன் மொபிலைசேஷன் என்ற இயக்கம் வளர்ந்தது. லோரன் கன்னிங்ஹாம் 1960இல் தொடங்கிய யூத் வித் எ மிஷன், 1964 கோடையில் பஹாமாஸ் தீவுகளுக்கு ஒரு பெரிய இளைஞர் குழுவை அனுப்பியது. இறையியல் பட்டமோ பல்லாண்டுப் பயிற்சியோ இல்லாத சாதாரண வாலிபரையும் தேவன் பயன்படுத்துவார் என்ற அந்த நம்பிக்கை எனக்கு மிகவும் பிடித்தமானது. அதைக் கைவிட வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சிற்றோடை பிற்காலத்தில் பெருவெள்ளமானது. சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோவின் மதிப்பீட்டின்படி, 2005ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கச் சபைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 16 இலட்சம் பேர் வெளிநாட்டு ஊழியப் பயணம் சென்றனர். அவர்கள் தங்கியது சராசரியாக 8 நாள். இன்று ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள சபைகளும் தங்கள் வாலிபர்களை இவ்வாறு அனுப்பத் தொடங்கிவிட்டதால், இது ஒரு நாட்டின் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாத கேள்வியாகிவிட்டது.

இதற்கு எதிரான மிகக் கடுமையான குரல் திருச்சபைக்கு உள்ளிருந்தே எழுந்தது. கத்தோலிக்கக் குருவான இவான் இல்லிச், 1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில், கிராமங்களுக்கு உதவ வந்த அமெரிக்க மாணவர்களின் மாநாட்டில் பேசும்போது, நீங்கள் இங்கே யாருக்கும் நன்மை செய்ய வர வேண்டாம் என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார். மொழி தெரியாமல், தாம் செய்வது அந்த மக்களுக்கு எப்படித் தோன்றுகிறது என்பதைக்கூட அறியாமல், தம் வாழ்க்கை முறையையே பிறருக்கு விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்று அவர் முடித்தார். இந்த உரையை எங்கள் குழுவின் தலைவர்கள் ஒவ்வொருவரும் பயணத்துக்கு முன்னால் படிக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்வது வழக்கம். அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஒரு சபை இன்னொரு சபையை நோக்கி வாருங்கள் என்று கூப்பிடும் சாத்தியத்துக்கு அவர் தம் உரையில் இடமே விட்டுவைக்கவில்லை. ஆயினும் கூப்பிடாத இடத்துக்கு உதவியோடு போவது குறித்து அவர் எழுப்பிய கேள்விக்கு, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னால் மறுப்புச் சொல்ல இயலவில்லை.

வேதாகமத்தில் இதற்கு விடை தேடியபோது, நாம் வழக்கமாக விரைந்து வாசித்துக் கடந்துபோகும் சில வசனங்கள் எனக்கு முக்கியமாகத் தோன்றின. லூக்கா பத்தாம் அதிகாரத்தில் இயேசு எழுபது பேரை இருவர் இருவராக அனுப்புகிறார். அதுவும் ஒரு குறுகிய காலப் பயணந்தான்; அவர்கள் போய்த் திரும்பிவந்து மகிழ்ச்சியோடு நடந்ததைச் சொல்கிறார்கள். பணப்பையையும் சாமான் பையையும் எடுத்துப் போகக்கூடாது, ஏற்றுக்கொள்ளும் வீட்டிலேயே தங்க வேண்டும், அவர்கள் கொடுப்பதைச் சாப்பிட வேண்டும், வீட்டுக்கு வீடு மாறக்கூடாது என்பவை அவர்களுக்கு இடப்பட்ட கட்டளைகள். இவை எல்லாம் சேர்ந்து ஒரே நிலைமையை உண்டாக்குகின்றன: போகிறவர் கையில் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாதவராகவும், ஏற்றுக்கொள்கிறவரின் தயவில் வாழ்கிறவராகவும் ஆக்கப்படுகிறார். நாமோ பெட்டி பெட்டியாகப் பொருள்களை நிரப்பிக்கொண்டு, முன்பதிவு செய்த விடுதியில் தங்கி, நம் சமையற்காரரையும் கூட்டிக்கொண்டு போகிறோம். விருந்தாளியாக இருப்பது பணிவைக் கேட்கும் ஓர் ஊழியம் என்பதை அந்தக் கட்டளைகளின் வெளிச்சத்திலேயே நான் புரிந்துகொண்டேன்.

அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் மக்கெதோனியாவுக்குக் கடல் கடந்து போனதும், உதவி செய்ய வரும்படி அங்குள்ள ஒருவன் தரிசனத்தில் வேண்டிக்கொண்ட பிறகுதான். அங்கே போன பிறகும் லீதியாள் வருந்தி அழைத்ததால் அவள் வீட்டில் தங்கினார். பிலிப்பியிலிருந்து, சிறையிலிருந்த பவுலுக்குக் காணிக்கையைக் கொண்டுசென்ற எப்பாப்பிரோதீத்துவை நான் குறிப்பாக நினைக்கிறேன். அவன் சபையால் அனுப்பப்பட்டான், போன இடத்தில் சாகும் தறுவாய்வரை நோயுற்றான், தன் வியாதியைக் கேள்விப்பட்ட சொந்த சபையார் வருந்துவார்களே என்று கவலைப்பட்டான், பிறகு பவுலே கடிதம் கொடுத்து அவனைத் திருப்பி அனுப்பினார். அவன் பிரசங்கித்ததாகவோ கட்டடம் கட்டியதாகவோ அந்த நிருபத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. பவுல் அவனைத் தம் உடன்வேலையாள் என்றும் உடன்சேவகன் என்றும் அழைத்து, இப்படிப்பட்டவர்களைக் கனமாக எண்ணுங்கள் என்று எழுதினார். குறுகிய காலம் போய்வரும் வாலிபனுக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

செயல் என்ற பகுதிக்கு வருவோம், ஏனெனில் வாலிபர்கள் கைகட்டி இருக்க விரும்புவதில்லை, விரும்பவும் வேண்டியதில்லை. 1998 இறுதியில் மிட்ச் புயல் ஹோண்டுராசைச் சிதைத்தபின், அங்கே வீடு கட்டிக்கொடுக்க வட அமெரிக்கக் குழுக்கள் சென்றன. அந்நாட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்த கர்ட் வெர் பீக் என்ற சமூகவியல் பேராசிரியர், இவ்வாறு கட்டப்பட்ட வீடுகளையும் உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்புகள் கட்டிய வீடுகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். பயணச் செலவையும் சேர்த்தால் வெளிநாட்டுக் குழு கட்டிய வீடு ஒன்றுக்கு ஏறத்தாழ 30,000 டாலர் செலவானது. உள்ளூர் அமைப்பு கட்டிய வீட்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர். வீட்டைப் பெற்ற குடும்பங்களின் வாழ்க்கையிலோ விசுவாசத்திலோ இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. கட்டியவர்களிடமும், ஊர் திரும்பிய பிறகு காணிக்கையிலும் ஜெபத்திலும் நீடித்த மாற்றம் அதிகம் இல்லை. மெக்சிகோவில் ஒரு சபைக் கட்டடத்துக்கு ஒரே கோடையில் ஆறு குழுக்கள் ஆறு முறை வண்ணம் அடித்த செய்தியை வாஷிங்டன் போஸ்ட் 2008இல் வெளியிட்டபோது, அது பல சபைகளில் விவாதப் பொருளானது.

இந்தக் கணக்கைக் காட்டி, பயணத்துக்குப் பதிலாகப் பணத்தை அனுப்பிவிடுங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த முடிவில் பாதி உடன்பாடே. ஒரு வாலிபனின் பயணத்துக்குக் காணிக்கை கொடுத்தவர்கள் எல்லோரும், அவன் போகாவிட்டால் அதே தொகையை வீடு கட்டுவதற்குக் கொடுத்திருப்பார்கள் என்று எண்ணுவது நடைமுறைக்கு ஒத்துவராது. மேலும், சபைகள் ஒன்றையொன்று சந்திப்பதன் பயனைப் பணத்தால் மட்டும் அளந்துவிட முடியாது. ஆனால் கணக்கு நம்மிடம் நேர்மையைக் கேட்கிறது. உள்ளூர்க் கொத்தனார் கூலிக்குச் செய்யக் காத்திருக்கும் வேலையை, சாந்து குழைத்துப் பழகாத நாம் இலவசமாகச் செய்வது அவருடைய வருமானத்தைப் பறிப்பதாகும். காணிக்கை கேட்டு எழுதும் கடிதத்திலும், இந்தத் தொகையில் பெரும்பகுதி விமானச் சீட்டுக்கும் காப்பீட்டுக்கும் போகும், இது முதன்மையாக எங்கள் வாலிபர்கள் கற்றுக்கொள்வதற்கும் அந்தச் சபையோடு உறவு வளர்வதற்கும் ஆகும் செலவு என்று வெளிப்படையாக எழுத வேண்டும். அப்படி எழுதினால் கொடுப்பவர்கள் குறைந்துவிடுவார்கள் என்ற அச்சம் எங்கள் குழுவிலும் எழுந்தது. உண்மையை அறிந்தால் கொடுக்க விரும்பாதவரிடமிருந்து காணிக்கை பெறுவது சரியாகாது என்பதே நாங்கள் எட்டிய முடிவு.

எங்களை ஏற்றுக்கொண்ட சபையின் போதகரிடம், நாங்கள் என்ன செய்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும் என்று கேட்டபோது, அவர் உடனே பதில் சொல்லவில்லை. பல வாரங்கள் கழித்து அவர் எழுதிய கடிதத்தில் இருந்தது நாங்கள் எதிர்பாராத ஒரு வேண்டுகோள். அவர்களுடைய ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகும் பெண்கள். வீட்டுப் பொறுப்பையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு ஒரு பயிற்சி முகாமில் கலந்துகொள்ள அவர்களுக்கு இதுவரை வாய்ப்புக் கிடைத்ததே இல்லை. முகாம் நடக்கும் நாள்களில் அவர்களுடைய பிள்ளைகளை, சபையின் மூத்த பெண்களோடு சேர்ந்து நீங்கள் பார்த்துக்கொள்ள முடியுமா, முகாமுக்கான சமையலிலும் துப்புரவிலும் கைகொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார். பயிற்சி கொடுப்பவர் அவர்கள் நாட்டுக்காரர். பிரசங்கம் செய்பவரும் அவர்களே. எங்கள் நாடகமும் பாடல்களும் நிகழ்ச்சியில் எங்கும் இல்லை.

கடிதத்தை வாசித்துக் காட்டியபோது எங்கள் வாலிபர் சிலருக்கு ஏமாற்றமாக இருந்ததை நான் மறைக்க விரும்பவில்லை. பாத்திரம் கழுவவா விமானம் ஏறிப் போகிறோம் என்று ஒருவர் கேட்டார். அது நியாயமான கேள்வி. அதைக் கடிந்துகொள்ளாமல் குழு முழுவதும் பேச விட்டோம். அந்தப் பேச்சு எங்கள் ஆயத்தக் கூட்டங்களிலேயே மிகப் பயனுள்ளதாக அமைந்தது. ஊழியம் என்று நாம் நினைப்பது எப்போதும் மேடையில் நடப்பதாகவே இருக்கிறதே, ஏன் என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டதும் அறையில் பேச்சின் போக்கே மாறியது. அங்கே போன பிறகு நான் கண்டது இதுதான்: முகாம் முடிந்து வெளியே வந்த அந்த ஆசிரியைகள் எங்கள் வாலிபர்களைத் தேடிவந்து, தாங்கள் கற்ற பாடங்களைத் தாங்களே ஆர்வத்தோடு விளக்கினார்கள். கற்பிப்பவர்கள் அவர்களாகவும் கற்பவர்கள் நாங்களாகவும் அமர்ந்திருந்த அந்த மாலை நேரங்களில், ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில் பவுல் சொல்லும் பரஸ்பர ஆறுதல் எத்தகையது என்பதை நான் உணர்ந்தேன்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசும்போது எந்தப் பேச்சும் இரட்டிப்பு நேரம் எடுக்கும். நீண்ட வாக்கியத்தின் வினைமுற்று வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருக்கும். நம் பழமொழியும் சொல்விளையாட்டும் அந்தப் பக்கம் போய்ச் சேராது. இவற்றுக்குப் பயிற்சி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மொழிபெயர்ப்பாளர் யார் என்று நாம் கேட்பதே இல்லை. பெரும்பாலும் அவர் அந்தச் சபையின் மிகத் திறமையான, ஏற்கெனவே ஓய்வில்லாமல் உழைக்கும் ஊழியராகவே இருக்கிறார். நாம் தங்கியிருக்கும் காலம் முழுவதும் அவருடைய வழக்கமான பணி நின்றுபோகிறது. நோயாளிகளைச் சந்திக்கவும் வேதபாடம் நடத்தவும் போக வேண்டியவர், நம்மைக் கடைக்கும் மருந்தகத்துக்கும் கூட்டிக்கொண்டு அலைகிறார். குழு பெரிதாக ஆக இந்தச் சுமை பெருகும். எத்தனை பேர் வரலாம் என்பதை ஏற்றுக்கொள்ளும் சபையே முடிவு செய்ய வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவே முதற்காரணம். வாழ்த்தவும் நன்றி சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் ஒரு பாடலைச் சேர்ந்து பாடவும் போதுமான அளவுக்கு அந்த மொழியை ஒவ்வொருவரும் கற்றபின்பே புறப்பட வேண்டும். அது ஓர் ஆண்டு ஆயத்தத்தில் எட்டக்கூடியதுதான்.

பிள்ளைகள் தொடர்பான காரியத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்துக்கு ஒரு நாள் போய்வருவது பல பயணத் திட்டங்களில் வழக்கமாக இடம்பெறுகிறது. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் இத்தகைய இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு பெருகியதாகவும், அவற்றில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்ததாகவும் யுனிசெஃப் சுட்டிக்காட்டியது. வெளிநாட்டு விருந்தாளிகளும் அவர்கள் கொண்டுவரும் நன்கொடையும் இந்தப் பெருக்கத்துக்கு ஒரு காரணம். வறுமையில் வாடும் பெற்றோரிடம், பிள்ளை படிப்பான், சாப்பிடுவான் என்று சொல்லி அவனை வாங்கிவந்து இல்லத்தை நிரப்பும் கொடுமை பல நாடுகளில் வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தைகள் உரிமை பற்றிய தீர்மானம், இல்லங்களைச் சுற்றுலா இடங்களாக்கும் போக்கினால் வரும் தீமைகளைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

அன்பு மிகுந்த எங்கள் வாலிபருக்கு இதை விளக்குவது எளிதாக இல்லை. ஒரு குழந்தை ஓடிவந்து முன்பின் தெரியாதவரின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டால், அதை அன்பின் அடையாளமாகவே நாம் எடுத்துக்கொள்கிறோம். நிலையான பராமரிப்பாளர் இல்லாமல் வளரும் குழந்தைகள் யாரென்று பாராமல் எவரிடமும் ஒட்டிக்கொள்வது, அவர்களுடைய பற்றுறவு சிதைந்திருப்பதன் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதைக் குழந்தை மனநலம் அறிந்தவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஒரு வாரம் கொஞ்சிவிட்டு விடைபெறும் ஒவ்வொரு குழுவும் அந்தக் குழந்தைக்கு இன்னொரு பிரிவைக் கொடுத்துவிட்டுப் போகிறது. பிள்ளைகள்மீது பாரம் உள்ளவர்கள், அவர்களைக் குடும்பத்தோடு சேர்த்து வைக்கவோ, உறவினர் வீட்டில் வளர உதவவோ உழைக்கும் உள்ளூர்ச் சபைகளைத் தாங்கலாம். முகாமில் ஆசிரியைகளின் பிள்ளைகளோடு நாங்கள் இருந்தபோதும், அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த மூத்த பெண்கள் எப்போதும் உடனிருந்தார்கள். எங்களில் எவரும் ஒரு குழந்தையோடு தனித்திருக்கக்கூடாது என்ற விதியில் யாருக்கும் விலக்குத் தரப்படவில்லை.

சட்டம் பற்றிய ஆயத்தத்தைப் பல குழுக்கள் விசாவோடு முடித்துவிடுகின்றன. சுற்றுலா விசாவில் சென்று சமயப் பணி செய்வதைத் தடைசெய்யும் நாடுகள் பல இருக்கின்றன. நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத் தொகுப்பின்படி, ஒருவரை மதம் மாற்றுவது 5 ஆண்டுவரை சிறைத் தண்டனைக்கும் 50,000 ரூபாய்வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். குற்றவாளி வெளிநாட்டவராக இருந்தால் தண்டனை முடிந்த 7 நாளுக்குள் நாட்டைவிட்டு அனுப்பப்படுவார். இத்தகைய இடத்தில் ஆர்வமிகுதியால் தெருவில் கைப்பிரதி கொடுக்கும் வாலிபன், தான் தைரியமாகச் சாட்சி பகர்ந்ததாக எண்ணிக்கொண்டு விமானம் ஏறிவிடலாம். காவல் நிலையத்துக்கு அழைக்கப்படுவது அந்த ஊர்ப் போதகராகவும், அண்டை வீட்டாரின் சந்தேகத்தைச் சுமப்பது அங்குள்ள விசுவாசிக் குடும்பங்களாகவும் இருக்கும். தனக்காகத் துணிவதற்கு ஒருவருக்கு உரிமை உண்டு. பிறர் விலை கொடுக்க வேண்டிய துணிச்சலுக்கு, அந்தப் பிறருடைய சம்மதம் வேண்டும். எங்கே எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று உள்ளூர்ப் போதகர் சொல்லும் வார்த்தைக்குக் கீழ்ப்படிவதை விசுவாசக் குறைவாகக் கருதும் வாலிபரை அழைத்துப் போகாமல் இருப்பதே நல்லது.

தடுப்பூசி, மருந்து, காப்பீடு, பெற்றோரின் எழுத்துமூலமான சம்மதம், அவசரத் தொடர்பு ஏற்பாடு ஆகியவற்றைப் பற்றி நல்ல கையேடுகள் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: நாள்பட்ட நோயோ மனச்சோர்வோ உள்ளவர் அதை மறைத்துக்கொண்டு வர நேராதபடி, தலைவரிடம் தயக்கமின்றிப் பேசும் சூழல் இருக்க வேண்டும். எப்பாப்பிரோதீத்துவுக்கே நோய் வந்தது.

புகைப்படத்துக்கும் சாட்சிக்கும் இடையே உள்ள தொடர்பை நாங்கள் சற்று ஆழமாகவே பேசினோம். திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை மேடையேறும் வாலிபர்கள், அவர்களிடம் ஒன்றுமே இல்லை, ஆனாலும் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று கண்ணீரோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் மனமாரச் சொல்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் அந்த வாக்கியம் உண்மையைக் குறைத்துச் சொல்கிறது. விருந்தாளி வந்திருக்கும் வாரத்தில் எந்த வீடும் தன் கடனையும் நோயையும் சண்டையையும் வெளியே காட்டுவதில்லை. அந்தப் புன்னகை நமக்குத் தரப்பட்ட உபசாரத்தின் ஒரு பகுதி. அதோடு, அவர்களிடம் ஒன்றுமே இல்லை என்பதும் உண்மையில்லை. விருந்தோம்பும் கை, ஆழ்ந்த வேத அறிவு, துன்பத்தில் பழகிய ஜெபம், ஒருவர் வீட்டுச் சுமையை மற்றவர் பகிரும் வழக்கம் ஆகிய அனைத்தையும் கண்முன்னே கண்டுவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்வது அவர்களுக்கு நாம் செய்யும் அவமதிப்பு. எனவே ஒரு நடைமுறையை வகுத்துக்கொண்டோம்: மேடையில் சொல்லப்போகும் கதை ஒவ்வொன்றையும், காட்டப்போகும் படம் ஒவ்வொன்றையும் முதலில் அந்தச் சபைக்கு அனுப்பி அவர்களுடைய இசைவைப் பெற வேண்டும். தன்னைப் பற்றி எழுதப்பட்ட பகுதியை வாசித்த ஒரு பெரியவர், நான் ஏழை என்பதை நான்கு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள், நான் இருபது ஆண்டுகளாக மூப்பராக இருப்பதை ஓரிடத்திலும் எழுதவில்லையே என்று பதில் அனுப்பினார். அவரைப் பற்றி எழுதியிருந்த மாணவர் அந்தப் பகுதியை முழுவதுமாகத் திருத்தி எழுதினார்.

அந்தியோகியா சபை பர்னபாவையும், பவுல் என்று அழைக்கப்பட்ட சவுலையும் உபவாசித்து ஜெபித்து அனுப்பியது. அவர்கள் திரும்பி வந்து சபையைக் கூட்டி, தேவன் செய்தவற்றை அறிவித்து, அங்கே நெடுநாள் தங்கியிருந்தார்கள். அந்த நெடுநாளை நாம் மறந்துவிடுகிறோம். வாலிபனின் வாழ்க்கையில் பயணம் வேரூன்றுவதற்குத் தேவைப்படுவது திரும்பி வந்தபின் வரும் மாதங்கள்தான். யாரும் எதுவும் கேட்காமல் விட்டால், முதல் வாரத்தின் உற்சாகம் பழைய பழக்கங்களுக்குள் கரைந்துபோகும் என்பதை வெர் பீக்கின் ஆய்வு மட்டுமா, எந்த வாலிபர் தலைவரின் அனுபவமும் சொல்லும். அதனால் திரும்பியவர்கள் ஓர் ஆண்டு முழுவதும் மாதந்தோறும் கூடுகிறார்கள். அந்தச் சபையின் ஜெப விண்ணப்பங்கள் அவர்களுக்கு நேரடியாக வருகின்றன. எங்கள் விண்ணப்பங்களும் அவர்களுக்குப் போகின்றன. அந்தச் சபையின் போதகரும் ஆசிரியைகளில் இருவரும் எங்கள் சபைக்கு வந்து ஒரு வாரம் எங்கள் வீடுகளில் தங்கிப் போதித்தார்கள். அவர்களுடைய பயணச் செலவையும் வாலிபர் பயண நிதியிலிருந்தே கொடுக்க வேண்டும் என்று நான் வாதாடினேன், ஏனெனில் போவதற்கு மட்டும் நிதி இருந்து, வரவேற்பதற்கு நிதி இல்லாவிட்டால் அந்த உறவு ஒருபக்கமாகவே நின்றுவிடும்.

அடுத்த பயணத்துக்கான அழைப்பை அவர்களிடம் கேட்டு எழுதியிருந்தோம். இம்முறை குழுவாக வர வேண்டாம் என்று பதில் வந்தது. கணக்கு எழுதவும் கணினியில் பதிவேடுகளை ஒழுங்குபடுத்தவும் தெரிந்த இருவர் ஒரு மாதம் வந்து, தங்கள் வாலிபரில் சிலருக்கு அதைக் கற்றுக்கொடுத்தால் போதும் என்றும், மீதிப் பணம் இருந்தால் தங்கள் வாலிபர் தலைவர்கள் தங்கள் நாட்டிலேயே வேதாகமக் கல்லூரியின் குறுகிய காலப் படிப்பில் சேர உதவும்படியும் கேட்டிருந்தார்கள். எங்கள் குழுவில் இது நீண்ட விவாதத்தை எழுப்பியது. போக வேண்டும் என்று ஓர் ஆண்டு காத்திருந்த இளையவர்களுக்கு இது வருத்தமே. அவர்களுடைய வருத்தத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் வாருங்கள் என்று சொன்னபோது அந்தச் சபையின் வார்த்தையைத் தேவனுடைய நடத்துதலாக ஏற்ற நாங்கள், வர வேண்டாம் என்று சொல்லும்போதும் அப்படியே ஏற்க வேண்டியிருந்தது. தெரிந்தெடுக்கப்பட்ட இருவரும் மொழி வகுப்பைத் தொடங்கிவிட்டார்கள். மற்றவர்கள் அந்த வாலிபர் தலைவர்களின் படிப்புச் செலவுக்காகக் காணிக்கை சேர்க்கிறார்கள். இந்த முறை எழுதிய கடிதத்தில், முழுத் தொகையும் அங்கேயே போய்ச் சேரும் என்ற வரியையும் அவர்களால் சேர்க்க முடிந்தது.